ஹோட்டல் பிழைத்த கதை

குடும்பத்தில் பணமுடை ஏற்பட்டால் முதலில் நிற்பது எது? அரிசி நிற்பதில்லை. குழந்தைகளின் பள்ளிக்கூடச் சம்பளம் நிற்பதில்லை. சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதுதான் நிற்கிறது. "இந்த வருஷம் போகட்டும், அடுத்த பொங்கலுக்குப் பார்த்துக் கொள்ளலாம்" என்று வீட்டு அம்மாள் சொல்லிவிடுகிறாள். ஐயாவும் ஒரு பெருமூச்சுடன் ஒப்புக்கொள்கிறார். காரை உதிர்ந்த இடத்தை மறைப்பதற்குக் காலண்டர் ஒன்று மாட்டப்படுகிறது. வருகிற பந்துக்களும் அதைக் கண்டும் காணாதவர்கள் போல் இருந்து விடுகிறார்கள். அவர்கள் வீட்டிலும் ஒரு காலண்டர் தொங்கிக்கொண்டிருக்கும் அல்லவா?

ஹோட்டலின் நிலைமை அப்படிப்பட்டதல்ல. அங்கே வருகிறவர் பந்து அல்ல. காசு கொடுத்துத் தங்குகிற பிரயாணி. காரை உதிர்ந்த சுவரைக் கண்டால் அவர் ஒன்றும் பேச மாட்டார். மறுமுறை வரும்போது அடுத்த தெருவில் போய் இறங்கிவிடுவார். அவர் போனால் வருமானம் குறையும். வருமானம் குறைந்தால் சுவர் இன்னும் உதிரும். எந்தக் காலத்தில் கையில் பணம் இல்லையோ அந்தக் காலத்தில்தான் ஹோட்டல்காரர் தம் வீட்டைப் புதுப்பித்தாக வேண்டியிருக்கிறது.

இன்னொரு சங்கடமும் உண்டு. ஜவுளிக்கடைக்காரரிடம் இன்று விற்காத துணி நாளைக்கு விற்கலாம். ஹோட்டல்காரரிடம் இன்று விற்காத இரவு என்றைக்கும் விற்காது. விடிந்தால் அது போனதுதான். ஆனால் கடன் வட்டியும், வரியும், விளக்குச் செலவும், சிப்பந்திகளின் சம்பளமும் அறை நிறைந்தாலும் காலியாக இருந்தாலும் வந்துகொண்டே இருக்கும்.

2020-ம் வருஷத்தில் கொள்ளை நோயினால் உலகமெங்கும் ஹோட்டல்களின் கதவுகள் அடைபட்டதை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பெரிய பெரிய ஹோட்டல்களெல்லாம் சாப்பாட்டைப் பொட்டலம் கட்டி வீடுகளுக்கு அனுப்பிப் பிழைத்தன. அதைக் கண்டபோது, ஏறக்குறைய தொண்ணூறு வருஷத்துக்கு முன் அமெரிக்காவில் நடந்த ஒரு கதை நம் நினைவுக்கு வந்தது. கான்ராட் ஹில்டன் என்பவரின் கதை அது. அவர் பெயரை இன்று எத்தனையோ தேசங்களில் ஹோட்டல் வாசலில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் அவர் ஜயித்த கதையைவிடத் தோற்ற கதைதான் நமக்கு அதிகமாகப் பயன்படும்.

வீடே ஹோட்டலாயிற்று

ஹில்டன் 1887-ல் நியூ மெக்ஸிகோ பிரதேசத்தில் ஸான் அன்டோனியோ என்ற சிற்றூரில் பிறந்தார். தகப்பனார் நார்வே தேசத்திலிருந்து குடியேறியவர். பல சரக்குக் கடை வைத்திருந்தார். 1907-ல் அமெரிக்காவின் பாங்குகள் திடீரென்று ஆட்டம் கொடுத்தன. கடை நிறையச் சரக்கு இருந்தது. வாங்குவதற்குத்தான் ஆள் இல்லை.

அந்தச் சமயத்தில் குடும்பத்தார் கூடி உட்கார்ந்து, "நம்மிடம் இல்லாதது என்ன?" என்று யோசிக்கவில்லை. "நம்மிடம் இருப்பது என்ன?" என்று கணக்குப் பார்த்தார்கள். ரயில் நிலையத்துக்கு அருகில் பெரிய வீடு இருந்தது. அம்மாளின் கைச் சமையல் இருந்தது. மூட்டை தூக்கப் பிள்ளைகள் இருந்தார்கள். அவ்வளவுதான், வீட்டில் சில அறைகளை ஒழித்துப் பிரயாணிகளுக்கு விட்டார்கள். நடு நிசியிலும் விடியற்காலையிலும் வரும் ரயில்களுக்கு எதிர்கொண்டு போய்ப் பிரயாணிகளை அழைத்து வருவது இளைஞர் கான்ராடின் வேலையாயிற்று. அவருடைய முதல் ஹோட்டல் பாடம் இப்படிக் கஷ்ட காலத்திலேதான் ஆரம்பமாயிற்று.

போஜன அறை போயிற்று

முதல் உலக யுத்தம் முடிந்து, 1919-ல் அவர் டெக்ஸாஸ் ராஜ்யத்திலுள்ள சிஸ்கோ என்ற ஊருக்குப் போனார். போனது பாங்க் ஒன்றை விலைக்கு வாங்குவதற்காக. பாங்க்காரர் கடைசி நிமிஷத்தில் விலையை உயர்த்தவே, பேரம் முறிந்தது. இரவு தங்க இடம் தேடி எதிரேயிருந்த மோப்ளி ஹோட்டலுக்குப் போனால், அங்கே நிற்கக்கூட இடமில்லை. அந்தப் பக்கத்தில் எண்ணெய்க் கிணறுகள் புதிதாக வெட்டப்பட்டுக்கொண்டிருந்தன. தொழிலாளிகள் கூட்டம் கூட்டமாக வந்து, கட்டில் ஒன்றை எட்டு எட்டு மணி நேரமாக மூன்று முறையில் பங்கிட்டுக்கொண்டு தூங்கினார்கள். ஹோட்டல் சொந்தக்காரருக்கோ தாமும் எண்ணெய் தோண்டப் போகவேண்டும் என்ற ஆசை. பாங்க் வாங்கப் போனவர் 40,000 டாலர் கிரயத்தில் ஹோட்டலை வாங்கிவிட்டார்!

வாங்கியதும் அவர் செய்த காரியங்களைக் கவனிக்க வேண்டும். சுவருக்குப் பொன் வர்ணம் பூசவில்லை. வாசலில் பளிங்குப் படி கட்டவில்லை. போஜன அறை நஷ்டத்தில் நடந்துகொண்டிருந்தது. தொழிலாளிகளுக்கு வேண்டியது சாப்பாடு அல்ல, தூக்கம் என்று அவர் கண்டார். போஜன அறையை எடுத்துவிட்டுக் கட்டில்களைப் போட்டார். முன் கூடத்தில் பெயர் பதியும் மேஜை மிகவும் நீளமாக இருந்தது. அதில் பாதியைக் குறைத்து, அந்த இடத்தில் பத்திரிகையும் புகையிலையும் விற்கும் சிறு கடை வைத்தார். இப்படி வீணாகக் கிடக்கும் இடத்தைத் தேடிப் பிடிப்பதைத் தங்கம் தோண்டுவதாகவே அவர் வர்ணித்தார். எண்ணெய்க்காக எல்லோரும் ஊரைச் சுற்றி நிலத்தைத் தோண்டிக்கொண்டிருக்க, அவர் ஹோட்டலுக்குள்ளேயே தோண்டினார்!

அத்துடன் சிப்பந்திகளையெல்லாம் அழைத்து, ஹோட்டலின் நல்ல பெயர் உங்கள் கையில்தான் இருக்கிறது என்று சொன்னார். இந்தப் பேச்சு கேட்க இனிமையானது. எந்த முதலாளியும் சொல்லக்கூடியது. இதற்குப் பலன் உண்டா இல்லையா என்பது பன்னிரண்டு வருஷம் கழித்துத் தெரிய வந்தது. அதைப் பின்னால் சொல்கிறோம்.

மேற்கு வெயில்

1925-ல் ஹில்டன் தம் சொந்தப் பெயரில் முதல் ஹோட்டலை டல்லாஸ் நகரத்தில் கட்டினார். டெக்ஸாஸ் வெயில் நம் வேலூர் வெயிலுக்கு இளைத்ததல்ல. மேற்குப் பார்த்த அறையில் சாயங்காலம் மனிதன் இருக்க முடியாது. அறைகளைக் குளிரச் செய்யும் யந்திரங்கள் இன்னும் வழக்கத்துக்கு வராத காலம். ஆகவே கட்டடத்தின் மேற்குப் பக்கத்தில் லிப்டுகள், அழுக்குத் துணி இறக்கும் குழாய்கள், காற்றுப் போகும் வழிகள் இவற்றையெல்லாம் வைத்துவிட்டு, விருந்தாளி தங்கும் அறை ஒன்றுகூட மேற்குப் பார்க்காதபடி செய்தார். அதிகப்படியாக ஒரு டாலர்கூடச் செலவழிக்காமல் ஹோட்டல் முழுவதையும் குளிர்ச்சியாக்க இது ஒரு வழி. வீடு கட்டும்போது சமையலறையை எந்த மூலையில் வைப்பது என்று நம் பெரியவர்கள் மணிக்கணக்காக விவாதித்தது வீண் வேலையல்ல என்பது இதிலிருந்து விளங்குகிறது.

இவ்வளவு தூரம் அவருடைய புத்தி நன்றாகத்தான் வேலை செய்தது. ஆனால் காலம் நன்றாக இருக்கும்போது புத்திசாலியும் ஒரு தவறு செய்துவிடுகிறான். நல்ல காலம் என்றும் நிலைக்கும் என்று நம்பிவிடுகிறான். வருஷத்துக்கு ஒன்றாக ஹோட்டல் கட்டவேண்டும் என்று ஹில்டன் கடன் வாங்கிக் கட்டிக்கொண்டே போனார். 1929 அக்டோபரில் நியூயார்க் பங்கு மார்க்கெட் சரிந்து விழுந்தபோது, எல் பாஸோ நகரத்தில் பத்தொன்பது மாடி ஹோட்டல் ஒன்றுக்கு அவர் திட்டம் போட்டு அறிவித்திருந்தார். அது 1930 நவம்பரில் திறக்கப்பட்டது. ஊரிலேயே உயரமான கட்டடம் தயார், பிரயாணிகளைத்தான் காணவில்லை.

பதினைந்து சென்ட் சிக்கனம்

வியாபாரி பிரயாணம் செய்வதை நிறுத்தினான். உல்லாசப் பிரயாணம் என்ற பேச்சே அற்றுப் போயிற்று. அந்த மந்த காலத்தில் அமெரிக்க ஹோட்டல்களில் நூற்றுக்கு எண்பது கடன்காரர்களின் நிர்வாகத்துக்குப் போய்விட்டன என்று ஹோட்டல் சரித்திரம் எழுதுகிறவர்கள் சொல்கிறார்கள்.

ஹில்டன் என்ன செய்தார்? சில மாடிகளை அப்படியே மூடி, அங்கே விளக்கையும் வெந்நீரையும் நிறுத்தினார். அறைகளிலிருந்த டெலிபோன்களைக் கழற்றினார். ஒவ்வொரு டெலிபோனுக்கும் மிச்சமானது 15 சென்ட்! பத்தொன்பது மாடி கட்டியவர் பதினைந்து சென்டை எண்ணவேண்டி வந்தது.

இந்த இடத்தில் நாம் சற்று நின்று யோசிப்பது நல்லது. மாடியை மூடியது ஒரு வகைச் சிக்கனம். டெலிபோனைக் கழற்றியது வேறொரு வகை. மூடிய மாடியைப் பற்றிக் கீழ் மாடியில் தூங்குகிற விருந்தாளிக்குக் கவலையில்லை. அந்த மாடியில் பழுது பார்க்கும் வேலை நடந்தாலும் அவர் தூக்கம் கெடாது. கூட்டமில்லாத காலமே ஹோட்டலைச் செப்பனிடுவதற்கு ஏற்ற காலம் என்று தொழிலறிந்தவர்கள் சொல்வது இதனால்தான். ஆனால் டெலிபோன் இல்லாத அறையில் விருந்தாளி ஒவ்வொரு தடவையும் படியிறங்கி வரவேண்டும். ஹோட்டல்காரரின் கஷ்டத்தை அவர் தம் காலால் அளந்துகொண்டிருப்பார். விருந்தாளிக்குத் தெரியாத சிக்கனம் ஹோட்டலைக் காப்பாற்றுகிறது. விருந்தாளிக்கு வலிக்கிற சிக்கனம் சில நாள் தவணை வாங்கிக் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

ஹில்டனுக்குத் தவணையும் முடிந்தது. இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றில் மூன்று லட்சம் டாலர் கடன் வாங்கியிருந்தார். அதைக் கட்ட முடியாமல் ஹோட்டல்கள் கம்பெனியின் கைக்குப் போய்விட்டன. தாம் கட்டிய ஹோட்டல்களைத் தாமே சம்பளத்துக்கு நிர்வகிக்கும்படி ஆயிற்று. எஜமானாக நுழைந்த வாசலில் உத்தியோகஸ்தராக நுழைவது எவ்வளவு கசப்பானது என்பதை உத்தியோகம் பார்க்கிற நம் போன்றவர்கள் விளக்க வேண்டியதில்லை.

முந்நூறு டாலர்

சிஸ்கோவில் சிப்பந்திகளிடம் அவர் பேசிய பேச்சைப் பற்றிச் சொன்னோம் அல்லவா? அதன் பலன் இப்போது தெரிந்தது. கையில் காசில்லாமல் அவர் திண்டாடிய நாளில், ஹோட்டலில் விருந்தாளிகளின் மூட்டைகளைத் தூக்கும் சிப்பந்தி ஒருவர் அவரிடம் வந்து 300 டாலரைக் கொடுத்தார். அது அந்த மனிதரின் ஆயுள் சேமிப்பு. பின்னாளில் தம் சுய சரித்திரத்தில் ஹில்டன் இதை நன்றியுடன் குறிப்பிட்டிருக்கிறார்.

மூன்று லட்சம் கொடுத்த கம்பெனி ஹோட்டலை எடுத்துக்கொண்டது. முந்நூறு கொடுத்தவர் ஒன்றையும் எடுத்துக்கொள்ளவில்லை. கம்பெனியைக் குற்றம் சொல்வதற்கில்லை. கடன் கொடுத்தவர்கள் கணக்குப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் கஷ்ட காலம் வந்தவுடன் "ஆளைக் குறை" என்று முதல் வரியிலேயே எழுதுகிற முதலாளிகள் இந்தக் கதையை ஒரு முறையாவது படிக்க வேண்டும். சுவரை இரண்டு வருஷம் கழித்து மீண்டும் பூசலாம். போன சிப்பந்தியை அதே விசுவாசத்துடன் மீண்டும் கொண்டுவருவதற்கு எந்தக் கொத்தனாரும் இல்லை.

மூவாயிரம் அறையும் ஒரு குடும்பமும்

அதே மந்த காலத்தில் சிக்காகோ நகரத்தில் நடந்ததையும் சொன்னால்தான் கதை பூர்த்தியாகும். அங்கே ஸ்டீவன்ஸ் குடும்பத்தார் 1927-ல் மூவாயிரம் அறைகளுடன் ஒரு ஹோட்டல் கட்டினார்கள். அன்று உலகத்திலேயே பெரியது அதுதான். சிறு ஆஸ்பத்திரியும், மொட்டை மாடியில் கோல்ப் ஆடும் இடமும்கூட இருந்தன. இரண்டு வருஷத்தில் மந்தம் வந்தது. ஹோட்டலைக் காப்பாற்றுவதற்குக் குடும்பத்தின் இன்ஷூரன்ஸ் கம்பெனிப் பணம் ஹோட்டலுக்குள் போயிற்று. ஹோட்டலும் திவாலாயிற்று; கம்பெனியும் முழுகிற்று. ஹோட்டலை நடத்திய எர்னஸ்ட் ஸ்டீவன்ஸ் பணத்தைக் கையாடியதாக 1933-ல் தண்டிக்கப்பட்டார். மறு வருஷம் ராஜ்யத்தின் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்துச் செய்து அவரைக் குற்றமற்றவர் ஆக்கிற்று. ஆனால் அதற்குள் குடும்பம் நொறுங்கிவிட்டது. அப்போது சிறுவனாயிருந்த அவர் மகன் ஜான் பால் ஸ்டீவன்ஸ்தான் பிற்காலத்தில், 1975 முதல் 2010 வரையில், அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டில் நீதிபதியாக வீற்றிருந்தவர்.

ஹில்டன் எல்லாவற்றையும் சிறிதாக்கிப் பார்த்தார். ஸ்டீவன்ஸ் குடும்பத்தாரோ பெரியதைப் பெரியதாகவே காப்பாற்றப் பார்த்தார்கள். யுத்த காலத்தில் அந்தக் கட்டடத்தை ராணுவத்தார் வாங்கிச் சிப்பாய்களைத் தங்க வைத்தார்கள். 1945-ல் அதை விலைக்கு வாங்கியவர் யார் தெரியுமா? பதினைந்து சென்டுக்காக டெலிபோன் கழற்றிய அதே ஹில்டன்! பின்னும் நாற்பது வருஷம் கழித்து, 1980-களின் நடுவில், அந்த ஹோட்டல் பெரும் பொருட்செலவில் புதுப்பிக்கப்பட்டது. எப்படி? இரண்டு இரண்டு அறைகளாகச் சேர்த்து, மூவாயிரத்தை ஏறக்குறைய ஆயிரத்து ஐந்நூறாகக் குறைத்தார்கள். அறை பாதியானபின்தான் ஹோட்டலுக்குப் புது வாழ்வு வந்தது.

உள்ளே ஒன்றுமில்லாத தூண்கள்

மந்தம் தெளிந்தபின் ஹில்டன் புது ஹோட்டல் கட்டுவதைவிடப் பிறர் கட்டி நொடித்துப்போன ஹோட்டல்களை வாங்குவதில் நாட்டம் செலுத்தினார். 1938-ல் ஸான் பிரான்ஸிஸ்கோவில் ஒன்று; கட்டிய செலவில் சிறு பகுதியே கிரயம். 1943-ல் நியூயார்க் பிளாஸா. அங்கே பங்குத் தரகர் ஆபீஸ் ஒன்று சொற்ப வாடகையில் நல்ல இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. அதை எழுப்பிவிட்டுப் பான விடுதி ஆக்கி, பல மடங்கு வருமானம் கண்டார். மதுபானம் நமக்குச் சம்மதமில்லை. ஆனால் இடத்தைப் பார்க்கும் கண்ணை மெச்சத்தான் வேண்டும்.

கடைசியாக வால்டார்ப்-அஸ்டோரியா. மந்தத்தின் உச்சத்தில், 1931-ல், நியூயார்க்கில் இந்த மாளிகை திறக்கப்பட்டபோது ஹில்டன் கடனில் மூழ்கியிருந்தார். பத்திரிகையில் வந்த அதன் படத்தைக் கத்தரித்து வைத்துக்கொண்டார். பதினெட்டு வருஷம் கழித்து, 1949-ல், அது அவர் நிர்வாகத்துக்கு வந்தது. முன் கூடத்திலே நான்கு பெரிய தூண்கள் இருந்தன. தட்டிப் பார்த்தால் உள்ளே ஒன்றுமில்லை. வெறும் அலங்காரத்துக்கு நின்றவை. அவற்றைக் குடைந்து கண்ணாடி அலமாரிகளாக்கி, நகைக் கடைக்காரர்களுக்கும் வாசனைத் திரவியக் கடைக்காரர்களுக்கும் வாடகைக்கு விட்டார். சும்மா நின்ற தூண்கள் சம்பாதிக்கத் தொடங்கின!

அந்த மாளிகையும் 2017-ல் மூடப்பட்டு, எட்டு வருஷம் புதுப்பிக்கப்பட்டு, 2025-ல் மறுபடியும் திறந்திருக்கிறது. முன்பு ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்டிருந்த ஹோட்டல் அறைகள் இப்போது நானூறுக்கும் குறைவு. மற்ற இடமெல்லாம் விலைக்கு விற்கும் குடியிருப்பாக மாறியிருக்கிறது.

மறுபடியும் எல் பாஸோ

ஹில்டனை எல் பாஸோவில் விட்டுவிட்டு வந்தோம். அந்தப் பத்தொன்பது மாடிக் கட்டடம் என்ன ஆயிற்று என்று சொல்லி முடிக்கிறோம். கை மாறி, பெயர் மாறி, 1991-ல் அது ஹோட்டலாக நடப்பது நின்றது. முப்பது வருஷ காலம் ஊர் நடுவில் ஜன்னல்கள் இருண்டு நின்றது. பிறகு அதைச் செப்பனிட்டு, பழைய அழகு கெடாமல் புதுப்பித்து, மீண்டும் திறந்தார்கள். எந்த வருஷத்தில் என்று நினைக்கிறீர்கள்? 2020-ல்! முதல் முறை மந்தத்தின் நடுவில் பிறந்த கட்டடம், இரண்டாம் முறை கொள்ளை நோயின் நடுவில் பிறந்தது. அதற்கு ஜாதகம் அப்படி.

அன்று கழற்றிய டெலிபோனை இன்று கழற்றினால் ஒருவருக்கும் தெரியாது. ஒவ்வொரு விருந்தாளியின் சட்டைப் பையிலும் ஒன்று இருக்கிறது. ஒரு காலத்தில் அவசியமாயிருந்தது மற்றொரு காலத்தில் அலங்காரமாகிவிடுகிறது. போஜன அறையும், நீண்ட மேஜையும், வெற்றுத் தூணும் அப்படித்தான். எது அவசியம், எது வெறும் தூண் என்று தட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் புதுப்பித்தல். வர்ணம் பூசுவது அதற்கு அடுத்தபடி. தட்டிப் பார்ப்பதற்குப் பணம் வேண்டியதில்லை. ஆகையால் அதைக் கஷ்ட காலத்திலும் செய்யலாம். நல்ல காலத்திலேயே செய்துவிட்டால் இன்னும் உத்தமம்.

மூட்டை தூக்கி வந்த அந்த மனிதரை மாத்திரம் தூண்களோடு சேர்த்து எண்ணிவிடக் கூடாது. அலுத்துப்போய் வாசலில் வந்து நிற்கும் பிரயாணிக்கு, "வாருங்கள்" என்று சொல்லி மூட்டையை வாங்கிக்கொள்ளும் ஒரு கை எந்தக் காலத்திலும் வேண்டியிருக்கும்.

காலண்டரைப் பற்றிச் சொல்லி ஆரம்பித்தோம். வீட்டிலே அது தொங்குகிற சுவரை இன்று சாயங்காலம் ஒரு முறை தட்டிப் பாருங்கள்.